மஞ்சள் ஹெல்மெட்காரி

எனக்கு ஒன்பது வயதானபோது, சித்தப்பாவை எதிலும் ஜெயிக்க முடியாது என்பது எங்கள் வீட்டில் நிரூபிக்கப்பட்ட உண்மை. சீட்டாட்டம், கேரம், ஞாயிற்றுக்கிழமை மதியம் கலிஃபோர்னியாவில் எங்கள் ஊரான சன்னிவேலின் ஓட்டல் வாசலில் பார்க்கிங் பிடிப்பது எல்லாவற்றிலும் அவர்தான் முதல். அந்தப் பிப்ரவரியில் இந்த வரிசையில் பனிச்சறுக்கும் சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டில் ஒருவர்கூடப் பனியைக் கையால் தொட்டதில்லை என்பது இதற்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

கடல் தாண்டி எங்கோ ஒரு மலையில் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. சாப்பாடு முடிந்ததும் டிவியில் போடுவார்கள். சித்தப்பா அதற்கு ஒரு பந்தயம் கண்டுபிடித்திருந்தார். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஆளுக்கு ஒருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்ன ஆளை மற்றவர் சொல்லக் கூடாது. யார் சொன்ன ஆட்கள் கடைசியில் வருகிறார்களோ, அந்த இரண்டு பேர் பாத்திரம் கழுவ வேண்டும். வீட்டில் டிஷ்வாஷர் இருந்தது. அதற்குள் அம்மா பருப்பு டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தாள்.

பந்தயத்தில் ஐந்து பேர். கண்டுபிடித்தவர் என்பதால் சித்தப்பா முதலில் சொல்வார். பிறகு அப்பா, அம்மா, மாடி வீட்டு அக்கா. சிறியவள் என்பதால் கடைசியில் நான். மாடி வீட்டு அக்கா மதுரைக்காரர். சித்தப்பாவின் கம்பெனியில் அந்த ஜனவரியில்தான் சேர்ந்திருந்தார். அம்மாவின் ரசத்துக்காக வருவதாகச் சொல்லிக்கொண்டு தினமும் கீழே இறங்கி வந்தார்.

சித்தப்பா சொன்ன ஆள் ஒவ்வொரு நாளும் ஜெயித்தார்.

"அதெப்படிங்க அம்புட்டுச் சரியாச் சொல்றீங்க?" என்று கேட்டார் அக்கா.

"முழங்காலப் பாத்தா போதும். அது மடங்குற ஆங்கிள்ல எல்லாம் இருக்கு."

தோற்றது பெரும்பாலும் அக்காவும் அப்பாவும். இருவரும் சிங்க் முன்னால் நிற்க, அப்பா குக்கரைத் தேய்த்துக்கொண்டே, "இப்பவே உங்க மேனேஜர்கிட்ட கிரீன் கார்டு பத்திப் பேசி வச்சிடும்மா, அப்புறம் லேட் பண்ணிடுவாங்க" என்று ஆரம்பித்தால் கடைசிக் கரண்டி வரை நிறுத்த மாட்டார். அக்கா தலையாட்டிக்கொண்டே துடைப்பார். ஜெயித்த சித்தப்பா சோபாவில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகம் ஜெயித்தவர் முகம் போலவே இருக்காது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பனி. அடுத்து வந்த மூன்று நாள் விடுமுறையில் டாஹோ மலைக்குப் போக வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தேன். "டயர்ல செயின் மாட்டணும், மலைல ஸ்கிட் ஆகும், சம்மர்ல போலாம்" என்பது அப்பாவின் பதில். கோடையில் பனி இருக்காது என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. சித்தப்பாதான் ஒரு வழி சொன்னார்: "பொண்ணுங்க டவுன்ஹில் ரேஸ் அன்னிக்கு நீ என்னை ஜெயிச்சிடு. செயின் மாட்டி நானே ஓட்டிட்டுப் போறேன்." ஜெயிக்கவே முடியாதவர் கொடுக்கும் வாக்கு எவ்வளவு மலிவு என்று அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது.

டவுன்ஹில் அன்று காலை, கார்பூல் ஆன்ட்டியின் காரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ரேடியோவில் செய்தி. பெண்களுக்கான டவுன்ஹில் பந்தயத்தில் ஜெயித்தவர் என்று ஒரு பெயர் சொன்னார்கள். முந்தைய நாள் டிவியில் காட்டிய மஞ்சள் ஹெல்மெட்காரியின் பெயர் அது. பந்தயம் இன்று ராத்திரிதானே என்று கேட்டேன். ஆன்ட்டி சிரித்தார். அங்கே பொழுதே சாயப் போகிறது, நமக்கு ராத்திரி காட்டுவதெல்லாம் முடிந்துபோன பந்தயம் என்றார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். சித்தப்பா தினமும் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ். அதில் ஒரு மணி நேரம். கையில் போன். முழங்காலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். சித்தப்பாதான் முதலில் சொல்வார். அவர் மஞ்சள் ஹெல்மெட் என்று சொல்லிவிட்டால் என் பனி போயிற்று.

அன்று இரவு எல்லோரும் உட்கார்ந்ததும் சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். ஒரு முறை அக்காவைப் பார்த்தார். "அந்தப் பச்சை டிரஸ் பொண்ணு" என்றார்.

அந்தப் பச்சை உடைக்காரி அதுவரை எந்தப் பந்தயத்திலும் முதல் இருபதில்கூட வந்ததில்லை என்று டிவியே சொல்லிக்கொண்டிருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அடுத்து அப்பா. "அந்த மஞ்சளு..." என்று இழுத்தார். என் உயிர் போய் வந்தது. "வேணாம், மஞ்சள் டல்லா இருக்கு. அந்த நீலம்."

அம்மா, "முதல்ல இறங்குற பொண்ணு. தனியா நிக்குது பாவம்" என்றாள்.

அக்கா யோசிக்கவே இல்லை. "எல்லாருக்கும் கடைசில இறங்குற புள்ள."

"யெல்லோ ஹெல்மெட்!" என்று நான் கத்தியதில் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

டவுன்ஹில்லில் ஒரே ஓட்டம்தான். தப்பு செய்தால் இன்னொரு தடவை கேட்க முடியாது. செங்குத்தான சரிவில் ஒவ்வொருத்தியாக விழுவது போல இறங்கி வந்தார்கள். மஞ்சள் ஹெல்மெட் பாதி மலையில் ஒரு வளைவில் தடுமாறி, ஒரு காலைத் தூக்கி, ஒற்றைப் பலகையில் கொஞ்ச தூரம் வந்தாள். ஜெயிக்கப்போவது தெரிந்திருந்தும் நான் குஷனைக் கடித்தேன். எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாதே. பிறகு இரண்டு பலகையும் பனியைத் தொட்டன. குனிந்து, கைகளை முன்னால் நீட்டி, ஒரு கல் உருள்வதுபோல வந்து கோட்டைத் தாண்டினாள். முதலிடம் என்று திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

குதித்தது நான் மட்டுமல்ல. அப்பா தன் நீல உடைக்காரியை மறந்து எழுந்து நின்று விசில் அடித்தார். "என்னா கன்ட்ரோல்! ஒத்தக் கால்ல!" என்று அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த அறையில் முடிவு தெரியாமல் பந்தயம் பார்த்த சிலரில் அவரும் ஒருவர் என்பதால் அவருடைய சந்தோஷம் எல்லோருடையதையும்விடச் சத்தமாக இருந்தது.

பச்சை உடைக்காரி பாதியில் வலையில் போய் விழுந்து, எழுந்து கையசைத்தாள். கடைசியில் இறங்கிய பெண் கடைசியாகவே வந்தாள். சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். "டாஹோ! ஞாயித்துக்கிழமை, காலைல ஆறு மணி!" தோற்ற மனிதருக்கு இவ்வளவு உற்சாகம் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. "அக்காவும் வரட்டும், கார்ல எடம் இருக்கு" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

தோற்ற இருவரும் சிங்குக்குப் போனார்கள். நான் மிச்சத் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"பஸ்ல நீங்க போன்ல பாக்குறப்ப பின்னாடி சீட்டு யாருன்னு நெனச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அக்கா.

"தினமுமா?"

"தினமும்தான்."

சித்தப்பா கழுவி முடித்த டம்ளரை எடுத்து மறுபடி சோப்பு போட்டார். "தெரிஞ்சும் ஏங்க தினம் தோத்தீங்க?"

"இன்னிக்காச்சும் நீங்களும் தோப்பீங்களான்னுதான். உங்க அண்ணன்கிட்ட கிரீன் கார்டு பாடம் முழுசா முடிச்சிட்டேங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பதற்கு எதுவும் அகப்படவில்லை. இரண்டு பேரும் மாஸ்டர்ஸ் படித்தவர்கள். விடை கையில் இருந்தும் வேண்டுமென்றே தப்பாக எழுதியிருக்கிறார்கள். போதாததற்கு, மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒருத்தி ஒன்றரை நிமிடத்தில் வந்து சேர்கிறாள். இவர்களுக்கு ஒரு டம்ளரைத் தாண்டவே முடியவில்லை.

ஹாலுக்கு ஓடினேன். "அம்மா, தே டோன்ட் நோ ஹௌ டு வாஷ். கழுவின டம்ளரையே கழுவறாங்க."

அம்மா சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்தாள். "கழுவட்டும் விடு. நீ போய் உன் ஸ்வெட்டர் எல்லாம் எடுத்து வை" என்றாள். அவளுக்கும் டாஹோ போவதில் சந்தோஷம் போலிருக்கிறது, முகமெல்லாம் சிரிப்பு.

ஆனால் தண்ணீர் சத்தம் நிற்கவே இல்லை. அது கலிஃபோர்னியாவில் தண்ணீர்ப் பஞ்ச வருஷம். சோப்பு போடும்போது குழாயை மூட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் போஸ்டரே வரைந்திருந்தோம். நான் திரும்பிப் போய், இரண்டு பேருக்கும் நடுவில் கையை நுழைத்துக் குழாயை மூடினேன். இருவருமே அதைக் கவனிக்கவில்லை.