சொதி ஊற்றிய கை

ரஷ் பார்த்த அன்று

"ஏட்டி, அவன் திங்கத் திங்க இலையில சொதி கூடிக்கிட்டே போகுதே!" என்றாள் கோமதி.

ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் இருந்த கல்யாண வீடியோ ஸ்டுடியோவில், எங்கள் படத்தின் ரஷ்ஷை முதன்முதலாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரஷ் என்றால் எடுத்தது எடுத்தபடி, வெட்டாத டேப். கோமதி டைரக்டர். நான் எடிட்டர். படப்பிடிப்பில் கன்டினியூட்டி பார்த்ததும் நான்தான். ஒரு ஷாட்டில் இலையில் எவ்வளவு இருந்ததோ அடுத்த ஷாட்டிலும் அவ்வளவே இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. கோமதி அப்படிச் சொன்னதும் நான் டேப்பை நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் எடிட்டராக இருக்கிறேன். இரண்டு வயதில் ஒரு மகள். நாங்கள் படித்த கல்லூரித் துறையில் இந்த வருடம் ப்ராஜெக்ட் படம் எடுக்கப்போகிற தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மேடம் கேட்டார்கள். சொல்லித்தரும் அளவுக்கு எனக்குத் தெரியுமா என்ற சந்தேகம் இருக்கிறது. ஆகவே, எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் கதை நாலு வரிதான். நம் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொதிச் சாப்பாடு போடுவார்கள். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைத்த அந்தச் சொதி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத ஒரு வெளியூர் மாப்பிள்ளை பந்தியில் மாட்டிக்கொள்கிறான். வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். பிசைந்த சோற்றைப் பக்கத்து இலைக்குத் தள்ளுகிறான், பழத்தோலுக்குள் வைத்து மூடுகிறான், ஜன்னல் வழியே காக்காய்க்கு வீசுகிறான். இலை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிறது. கடைசியில் பளபளவென்று இருக்கும் இலையைப் பார்த்துப் பூரித்துப்போன மாமியார், இன்னொரு பாத்திரம் நிறையச் சொதியோடு வருகிறாள். சிரிப்பு அந்த ஓர் இடத்தில் வரும் என்று நினைத்துத்தான் எழுதினோம்.

ரஷ்ஷில் இலை காலியாக நிற்கவே இல்லை.

முக்கூடல் வீடு

படம் எடுத்தது முக்கூடலில், கோமதியின் பெரியம்மா வீட்டில். பெரியம்மாவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் பிறகு தெரியும்.

வீட்டைக் கேட்கப் போனபோதே அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"நல்லா எடுத்துக்கோங்க தாயி. சொதி நானே வச்சித் தாரேன். ஆனா என் மூஞ்சி மட்டும் அதுல வரக்கூடாது. வள்ளிக்கு அம்பாசமுத்திரத்துல பேசிக்கிட்டு இருக்கு. பொண்ணோட அம்மா வீடியோவுல நடிக்குதாளாம்னு எவளாவது போய் ஊதிவிட்டான்னு வையி, பேச்சு அங்கனயே நின்னுரும்."

வள்ளி அவருடைய ஒரே மகள். அதற்கு முன்பு கூடிவந்த ஓர் இடம் ஒன்றுமில்லாத காரணத்துக்குத் தட்டிப்போயிருந்தது. அந்தப் பயம் பெரியம்மாவின் முகத்தில் அப்படியே இருந்தது. கோமதி சத்தியம் செய்து கொடுத்தாள். படத்தில் மாமியாராகத் தானே நடிப்பது என்று முடிவு செய்து, பெரியம்மாவின் பட்டுச்சேலையையே வாங்கிக் கட்டிக்கொண்டாள். மற்ற நேரம் கேமராவையும் அவளே பிடித்தாள்.

மாப்பிள்ளையாக நடித்தவன் எங்கள் வகுப்பு முத்து. ஒல்லியாக, எப்போதும் திடுக்கிட்ட மாதிரி முகம். அவனுக்குச் சொதி என்றால் உயிர் என்பது தனிக்கதை.

முதல் ஷாட் முடிந்து லைட்டை மாற்றிக்கொண்டிருந்தோம். முத்து காலி இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அடுக்களை வாசலில் நின்ற பெரியம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"ஏளா, அந்தப் பிள்ளை வெறும் இலைய மொறச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். நீங்க என்னடான்னா லைட்டையே பாத்துக்கிட்டு நிக்கிய!"

ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

"பெரியம்மா, இலை காலியாத்தான் இருக்கணும். கதையே அதான்" என்று கோமதி விளக்கினாள். பெரியம்மா தலையை ஆட்டினார். ஆனால் அடுத்த ஷாட்டில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்திலிருந்து கை நீண்டது. கோமதி பார்த்துக்கொண்டிருந்த வியூஃபைண்டர் சின்னது, கறுப்பு வெள்ளை. அவள் கவனமெல்லாம் முத்துவின் முகத்தில் இருந்தது. முத்து இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டு, "போதும் பெரியம்மா" என்று கெஞ்சியதை நடிப்பு என்று அவள் நினைத்துவிட்டாள்.

நான் கையைப் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். ஆனால் பரிமாறுகிற பெரியவரைப் பார்த்து 'ஊற்றாதீர்கள்' என்று எப்படிச் சொல்வது? நாளை இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்குக் கேமரா வேறு குழுவிடம் போய்விடும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஆர்ட்டின் போடவா?

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் ஸ்டுடியோ எங்களுக்குக் கிடைத்தது. ஸ்டுடியோ அண்ணாச்சி டீ கிளாஸோடு பின்னால் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்ப்பார்.

அன்றைய எடிட்டிங் பற்றி ஒரு வார்த்தை. இனி எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிடும் என்கிறார்கள். அன்று இரண்டு வி.சி.ஆர். தான். ஒன்றில் ரஷ் ஓடும், மற்றதில் வேண்டிய துண்டு பதிவாகும். ஒரு ஷாட்டுக்குப் பின்னால் இன்னொன்று என்று வரிசையாகப் பதிந்துகொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு ஷாட் நீளம் என்று தோன்றினால், அங்கிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். கடைக்குப் போகும்போது கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற என்னைப் போன்ற ஆளுக்கு, அது பெரிய சோதனை.

கை வராத துண்டுகளை மட்டும் பொறுக்கி முதலில் ஒரு வெர்ஷன் செய்தேன். படம் ஒரு விளம்பரம் அளவுக்குச் சுருங்கிப்போயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

"மாப்பிள்ளை மூஞ்சியச் சுத்தி ஒரு ஆர்ட்டின் போட்டு விட்டுருவமா தாயி?" என்றார் அண்ணாச்சி. "கல்யாண வீட்ல எது சரியில்லைன்னாலும் நான் அதத்தான் போடுவேன். இலை தெரியாதுல்லா?"

"சும்மா இருங்க அண்ணாச்சி" என்றாள் கோமதி. அழுகிற நிலையில் இருந்தாள்.

இரண்டாவது வெர்ஷனுக்காக ஒரு ஷாட்டைத் தேடி டேப்பை ஓட்டினேன். முத்து கடைசிக் கவளத்தை ஜன்னலுக்கு வெளியே வீசுகிறான். இலை காலி. வெற்றிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு காக்காயைப் பார்க்கிறான். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தலாமா, இன்னும் கொஞ்சம் விடலாமா என்று, டேப்பை முன்னும் பின்னும் நகர்த்தும் ஜாக் டயலில் கையை வைத்துக்கொண்டு யோசித்தேன். டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

காலி இலை. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பக்கத்திலிருந்து பைய ஒரு கை வந்தது. பச்சைக் கண்ணாடி வளையல், அதற்கு இரண்டு பக்கமும் பொன்வளையல், விரலில் நெளி மோதிரம். ஒரு கரண்டி சொதி. அலட்டல் இல்லை, அவசரம் இல்லை. கை போய்விட்டது. முத்து திரும்பி இலையைப் பார்க்கிறான்.

பின்னால் அண்ணாச்சிக்குப் புரையேறிவிட்டது. டீ சட்டையில் கொட்டிவிட்டது. "ஐயோ பாவம் மாப்பிள்ளை! யாரோட கை தாயி அது?" என்று இருமிக்கொண்டே சிரித்தார். அந்த அறையில் எங்கள் படத்துக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அது.

கோமதி திரும்பப் போடச் சொன்னாள். பார்த்தாள். மறுபடியும் போடச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "படம் இதாம்டி. இந்தக் கைதான் மாமியார்."

"அப்ப நீ நடிச்சது?"

"என்னத்த நடிச்சேன்? பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டுப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கேன். வெட்டித் தூரப் போடு."

முழுதாக வெட்டினோம். அவள் ஆசைப்பட்டு நடித்த வேடம். அன்று முதல் இன்றுவரை என் எடிட்டிங் டேபிளுக்கு வந்த எத்தனையோ பேர், தங்கள் முகம் இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தன் முகத்தை அவ்வளவு சீக்கிரம் வெட்டச் சொன்ன ஒருத்தியை நான் வேறு பார்த்ததில்லை.

எனக்குத்தான் அடுத்த கவலை வந்தது. "பெரியம்மாட்ட சத்தியம் பண்ணிருக்கியே?"

"மூஞ்சி வரக்கூடாதுன்னுதான சொன்னாங்க?"

"அந்தக் கையப் பாத்தா முக்கூடல் பூரா கண்டுபிடிச்சிரும் கோமதி. வள்ளி காரியம் என்னாகும்?"

கடைசியில், முடித்த படத்தை முதலில் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டுவது, அவர் வேண்டாம் என்றால் விளம்பர அளவுக்கு இருந்த பழைய வெர்ஷனையே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். அதைக் கொடுத்தால் தேறுவது சந்தேகம் என்பது இருவருக்கும் தெரியும்.

பெரியம்மா பார்த்தது

பெரியப்பா வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், அண்ணாச்சியிடம் ஒரு வி.சி.ஆரை இரவல் வாங்கிக்கொண்டு போனோம். பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். வள்ளி அவருக்குப் பின்னால் நின்றாள்.

முதல் முறை கை வந்ததும் வள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியம்மா சிரிக்கவில்லை. இரண்டாவது முறையும் சிரிக்கவில்லை. படம் முடிந்தது.

"திருப்பிப் போடு" என்றார்.

போட்டோம். மூன்றாவது முறை கை வருகிற இடத்தில், "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றார்.

"இந்த எடத்துல நான் அவசரப்பட்டுட்டேன் தாயி. அவன் நிம்மதியா ஒரு மூச்சு விடட்டும்லா, அதுக்குள்ள ஊத்திட்டேன். இது நல்லால்ல. எடுத்துரு."

அவர் சொன்னது சரி. நானே அந்த இடத்தில் ஏதோ இடிக்கிறது என்று பல தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. அவரோ தன் கையைத் தானே வெளியிலிருந்து பார்த்த முதல் நாளிலேயே, அதன் குறையைப் பிடித்துவிட்டார். பயந்த முகமாக இருந்தவர், அந்தச் சில நிமிடங்களில் வள்ளியின் கல்யாணத்தையே மறந்துவிட்டு, வேலையைப் பார்க்கிற ஒருவராக உட்கார்ந்திருந்தார்.

"அப்ப, போட்டுக் காட்டலாமா பெரியம்மா?" என்றாள் கோமதி.

பயம் திரும்ப வந்துவிட்டது. வள்ளியைப் பார்த்தார்.

"போடட்டும்மா" என்றாள் வள்ளி. "கையப் பாத்துச் சிரிக்காத வீட்டுக்கு நான் எதுக்குப் போணும்?"

"வாய மூடு மூதி" என்றார் பெரியம்மா. தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி வளையல் எத்தனையோ கையில கெடக்கு. பேரு மட்டும் எங்கயும் வரப்பிடாது, என்ன?" என்றார்.

பெயரை எங்கும் போடவில்லை. இங்கேயும் போடவில்லை. மூன்றாவது தடவையை எடுத்துவிட்டு, அங்கிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் மறுபடி பதிந்தேன். அந்த ஒருமுறை மட்டும் எனக்குச் சலிப்புத் தட்டவில்லை.

கேசரி

கல்லூரி ஹாலில் எல்லாப் படங்களையும் போட்டார்கள். பெரியம்மா வரமாட்டார் என்று நினைத்தோம். வள்ளியோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். வலது கையை முந்தானைக்குள் விட்டு மூடியிருந்தார். யாராவது வளையலைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

கை முதல் முறை வந்தபோது ஹாலில் நாலைந்து பேர் சிரித்தார்கள். இரண்டாவது முறை பாதி ஹால். அதற்குப் பிறகு, கை வருவதற்கு முன்பே, வெறும் இலையைக் கண்டதுமே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். "ஏ மாப்ள, ஓடிரு வே!" என்று யாரோ கத்தினார்கள். நான் திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானைக்குள் கை மட்டும் கரண்டி பிடிக்கிற மாதிரி அசைந்தது.

படங்கள் முடிந்ததும் எல்லாருக்கும் வாழையிலைத் துண்டில் கேசரி கொடுத்தார்கள். முத்து தன் பங்கை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, காலி இலையோடு பெரியம்மாவிடம் பேச வந்தான். பேசிக்கொண்டிருந்தவர் அந்த இலையைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்து மேஜையில் கேசரிப் பாத்திரம் இருந்தது.

முந்தானைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. பைய, அலட்டல் இல்லாமல். ஒரு கரண்டி கேசரி எடுத்து இலையில் வைத்தது. முத்து, படத்தில் செய்த மாதிரியே, பழக்கதோஷத்தில் இன்னொரு கையால் இலையை மறைத்து, "போதும் பெரியம்மா" என்றான்.

சுற்றி இருந்தவர்கள் அந்தக் கையை அடையாளம் கண்டுகொண்டார்கள். பிறகு ஹாலே சிரித்துக் கைதட்டியது. பெரியம்மா கையைப் பார்த்தார். மறைக்க நேரம் கடந்துவிட்டது.

"சிரிச்சது போதும். இலைய நீட்டுங்க" என்றார். பாத்திரம் காலியாகும்வரை அவரே எல்லாருக்கும் பரிமாறினார்.

கொஞ்சம் இரு

எனக்குத் தெரிந்த ஒன்று என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா, அது இதுதான். நடிகர் செய்ய வேண்டியதைச் செய்து முடித்ததும் ஷாட்டை வெட்டிவிடாதீர்கள். கொஞ்சம் இருங்கள். நீங்கள் எழுதாத ஒன்று பக்கத்திலிருந்து வரலாம். எவ்வளவு நேரம் இருப்பது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இன்றும் ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன். என் மகள் போதும் என்று வாயை மூடிய பிறகு இன்னொரு வாய் கொண்டு போகலாமா கூடாதா என்பதும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

படம் போட்ட நாளிலிருந்து அந்த மார்கழி முடியும்வரை நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். அம்பாசமுத்திரத்துக்குச் செய்தி போய்விட்டால்? தை பிறந்ததும் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவர்கள் காதுக்கு எட்டவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் முக்கூடல் வீட்டில் சொதிச் சாப்பாடு. நாங்கள் படம் எடுத்த அதே பட்டகசாலைக் கூடத்தில் பந்தி. கோமதியும் நானும் அப்பளம் போட்டுக்கொண்டு நின்றோம். மாப்பிள்ளை முதல் ஆளாக உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டார். இலை காலியானது. பெரியம்மா பக்கத்திலிருந்து கரண்டியோடு வந்தார்.

மாப்பிள்ளை இரண்டு கையாலும் இலையை மறைத்தார். "போதும் பெரியம்மா" என்றார்.

அவர் கூப்பிட வேண்டிய முறை அத்தை.

அவருக்குப் பக்கத்து இலையில் இருந்த அவருடைய அம்மா குனிந்துகொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. பெரியம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை கையை எடுக்கும்வரை காத்திருந்தார்.

எடுத்தார். ஊற்றினார்.