கூடத்திலா, மடியிலா?

கம்ப்யூட்டர் விற்கிறவர்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, வாங்க வந்தவர் வீட்டில் டிவி ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று துணியோ பாத்திரமோ எதையாவது விற்றுப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் பழைய பி.ஏ. தமிழ். கடிகாரம் மட்டுமே பேசுகிற வீட்டில் பகல்களைக் கழிக்க முடியாமல், அறுபத்தாறு வயதில் திருத்தணி கடைத்தெருவில் அன்வரின் கம்ப்யூட்டர் கடையில் வந்து உட்கார்ந்தேன். "பொட்டிக்குள்ள இருக்கறத நான் பாத்துக்கறேன். வர்றவங்க மனசுல இருக்கறத நீங்க கேட்டு வைங்கம்மா" என்று அவர் வேலையைப் பிரித்தார். இரண்டில் சுலபமானதை அவரே வைத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிரிக்காத தாள்

சேர்ந்த புதிதில் நடந்தது. கனகம்மாசத்திரத்தில் டீக்கடை வைத்திருப்பவர் ஒருவர், வாங்கி எட்டு மாதமான மானிட்டரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். படமெல்லாம் மங்கலாகத் தெரிகிறதாம். திரையின் நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம். கம்பெனியில் ஒட்டி அனுப்பிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. அதற்கு அடியில் எட்டு மாதத் தூசி.

அன்வர் நகத்தால் தாளின் ஓரத்தை நெம்பியதுதான் தாமதம், மனிதர் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்த பிரிச்சுட்டா பழசாயிடும் பாய், மேலாக்கவே தொடச்சுக் குடு!"

எடை

முனிரத்தினம் குடும்பம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அவர் சர்க்கரை ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கூடவே மகன் சேகர், மருமகள் கோமதி. பேரன் பள்ளிக்கூடம் போயிருந்தான். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார்கள். எது எது பார்க்கிறீர்கள் என்று கேட்பதற்குள் முனிரத்தினம் ஒரு லேப்டாப்பை உள்ளங்கையில் ஏந்தி, கரும்புக் கட்டைத் தூக்கிப் பார்ப்பதுபோல இரண்டு முறை ஏற்றி இறக்கினார். முகம் சுருங்கியது. பக்கத்திலிருந்த பெரிய சிஸ்டத்தை அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. முகம் மலர்ந்தது.

"இத்த கூடத்துல டிவி பக்கத்துல வெச்சிடலாம்" என்றார். நான் லேப்டாப்பின் வசதிகளைச் சொல்ல ஆரம்பித்தேன். கரண்ட் போனாலும் ஓடும், எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்றேன். அந்த இரண்டாவது வசதிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "ஆளுக்கொரு ஃபோனு வாங்கினதுலேர்ந்து ஆளுக்கொரு மூலைல குனிஞ்சுகினு கீறாங்கம்மா. இதுவாவது நாலு பேரு சேந்து பாக்கறாப்பல ஒரு எடத்துல கெடக்கட்டும்."

மறந்த குடை

யோசித்து வருகிறோம் என்று கிளம்பிப் போனார்கள். ஐந்து நிமிடத்தில் கோமதி மட்டும் திரும்பி வந்தாள், குடையை மறந்துவிட்டேன் என்று. மறக்கவில்லை, விட்டுப்போயிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னாள். அவள் ஆந்திர எல்லையில் நகரியில் பிறந்து வளர்ந்தவள். தெலுங்கும் தமிழும் அவளுக்கு ஒன்றுபோலத்தான். ஒரு நிறுவனம் தெலுங்கில் உள்ள பள்ளிப் பயிற்சிகளைத் தமிழாக்க வீட்டிலிருந்தே வேலை கொடுத்திருக்கிறது. தினம் மூன்று மணி நேரம். நடுநடுவே வீடியோவில் பேச வேண்டும். வருகிற திங்கட்கிழமை கம்ப்யூட்டரோடு தயாராக இல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள்.

"கூடத்துல வெச்சா எப்பிடிம்மா? ஒரு பக்கம் சீரியலு, ஒரு பக்கம் மாமாவோட சிநேகிதருங்க. மாமா நல்லவருதான், வேலைக்கும் சரின்னுட்டாரு. ஆனா எல்லாருக்குமா வாங்கறத ரூமுக்குள்ள பூட்டக் கூடாதுங்கறாரு. பாவா வாயே தொறக்க மாட்டேங்கறாரு." சேகரைத்தான் பாவா என்றாள். எனக்கும் கல்லூரி முடித்த வயதில் எழுதுவதற்கு ஓர் அறை தேவைப்பட்டது. அடுப்படி கிடைத்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம். எந்த மாடல் உனக்குப் பிடித்தது என்று மட்டும் கேட்டேன். குடையை விரிக்காமலே வெயிலில் இறங்கியவள் சொன்னாள்: "மாடல் எதுனா இருக்கட்டும்மா, அதோட சேத்து ஒரு கதவு வேணும்."

சேகர் கேட்ட மாடல்

மறுநாள் சேகர் வந்தார். விலைப்பட்டியலை முன்னும் பின்னும் புரட்டினார். மின்விசிறிக்குக் கீழே நின்றும் வேர்த்தது. அன்வர் தன் பங்குக்கு, திரையும் பெட்டியும் ஒன்றாக இருக்கும் ஒரு சிஸ்டத்தைக் காட்டி, இதைச் சுலபமாகத் தூக்கி வைக்கலாம் என்றார். அப்பா அதையும் கூடத்தை விட்டுத் தூக்க விடமாட்டார் என்றார் சேகர்.

வீடுகளில் இப்படி ஒருவர் இருப்பார், கவனித்திருப்பீர்கள். ஊஞ்சலின் நடுப்பலகை மாதிரி, இரண்டு பக்கச் சங்கிலியும் அவர் தோளில்தான். சேகர் பட்டியலை மூடி என்னிடம் நீட்டினார். "எங்கப்பாவும் கோச்சிக்கக் கூடாது, கோமதியும் கோச்சிக்கக் கூடாது, அந்த மாரி எதுனா மாடல் கீதுங்களாம்மா?"

பொது ஆள்

வியாழக்கிழமை முனிரத்தினமே வந்தார். வீட்டில் இரண்டு நாளாக யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லையாம். பெண் பார்த்தாலும் மனை வாங்கினாலும் முருகன் மலைக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்க்கிற குடும்பம் அது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்து நூல் சுற்றி, சன்னிதியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் உத்தரவு. மற்றப் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி. இந்த முறை வெள்ளை வந்தால் லேப்டாப், சிவப்பு வந்தால் பெரிய சிஸ்டம்.

எல்லாம் சரி, என்னை எதற்குக் கூப்பிடுகிறார் என்று விழித்தேன். வீட்டு ஆள் பொட்டலம் கட்டினால் எது எதில் என்று கை அடையாளம் வைத்துவிடுமாம். அன்வர் சிரிப்பை அடக்க மானிட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டார். முனிரத்தினம் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "நீங்கதாம்மா கட்டித் தரணும். படிச்சவங்க, எந்தப் பக்கமும் சாயாத ஆளு."

இரண்டு பொட்டலம்

வெள்ளிக்கிழமை காலை முனிரத்தினம் மலைக்குப் படியேறி வந்தார். நான் ஆட்டோவில் போனேன். சேகரும் கோமதியும் வரிசையில் நின்றிருந்தார்கள். மேலே பூக்கடையில் வெள்ளை நந்தியாவட்டை கொஞ்சம், சிவப்பு அரளி கொஞ்சம் வாங்கினேன். வழக்கப்படி எல்லாருக்கும் முதுகைக் காட்டித் தூணோரம் நின்று இலையைக் கிழித்தேன். முதல் பொட்டலத்தில் நந்தியாவட்டையை வைத்தேன். இரண்டாவதிலும் நந்தியாவட்டையை வைத்தேன். அரளி என் கைப்பைக்குள் கண்ணாடிக் கூட்டோடு போய்ச் சேர்ந்தது. இரண்டையும் நூல் சுற்றிக் கட்டினேன். வாழ்நாளில் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல்கூடப் போனதில்லை நான்.

அர்ச்சகர் தட்டில் வைத்துத் தீபம் காட்டித் தந்தார். வரிசையில் நின்ற யார் வீட்டுச் சிறுமியோ, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, ஒன்றைச் சட்டென்று எடுத்தாள். இலை விரிந்தது, வெள்ளை. கோமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சேகர் மூன்று நாளில் முதல் முறையாக மூச்சு விட்டார். பிரிக்காத பொட்டலத்தை அடிவாரக் குளத்தில் போட்டுவிடுகிறேன் என்று நான் கையை நீட்டினேன். முனிரத்தினம் அதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "உங்களுக்கு ஏம்மா செரமம், நான் எறங்கி நடந்துதான் போறேன், கொளத்துல போட்டுடறேன்."

முனிரத்தினம் தனியாக வந்தது

அன்று மாலையே லேப்டாப் வாங்கிப் போனார்கள். திங்கட்கிழமை கோமதி வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று சேகர் போனில் சொன்னார். எனக்குத்தான் ஒரே கேள்வி. அந்த மனிதர் பொட்டலத்தைக் குளத்தில் போட்டாரா, பிரித்தாரா? பத்து நாள் கழித்து முனிரத்தினம் கடைப்படி ஏறியதைப் பார்த்ததும் அன்வரைக் கூப்பிடலாமா என்று தோன்றியது.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பதினோரு மணிக்குக் கதவ சாத்தினா ரெண்டு மணிக்குத்தான் தொறக்கறா. உள்ள தட்டற சத்தம், ஓட்டு மேல தூறல் வுழறாப்பல கேக்குது. டிவிய நானே கம்மி பண்ணி வெச்சுடறேன். சாயந்திரம் கூடத்துக்குக் கொண்டாந்து, பேரன் பாடத்த எனக்கும் காட்டறா" என்றார். நல்லது என்றேன். அவர் கடைக்குள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, என் பக்கம் குனிந்தார்.

"படி எறங்கசொல்ல அந்தப் பொட்டலத்த பிரிச்சுட்டேம்மா. அதுலயும் வெள்ளதான். முருகனுக்கு ரெண்டு மனசு கெடையாதுன்னு வூட்ல சொல்லிட்டேன்."

இந்தத் தொழிலில் நான் செய்த ஒரே கலப்படம் அதுதான்; ஒரு வருஷ வாரண்டியும் முடிந்துவிட்டது, இதுவரை மலையிலிருந்து புகார் எதுவும் வரவில்லை.