மூன்றாம் பாகத்தில் துப்பாக்கிச் சத்தமே கிடையாது

முருகையா அண்ணன் போய்விட்டார். காலையில் எஸ்டேட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவோடு வந்தது.

நான் நம்பவில்லை. மூன்று பேருக்கு போன் போட்டு விசாரித்தேன். என் புத்தி அப்படி… ஒரே ஆள் சொல்லி எதையும் நம்பமாட்டேன்.

வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் தேயிலை ஃபேக்டரி. கொழுந்து அரைக்கிற மெஷினில் அவர், அடுத்த மெஷினில் நான். பதினைந்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில். அதில் கடைசி எட்டு வருஷம் நான் அவரோடு பேசவே இல்லை.

காரணம் ஒரு சினிமா. சிரிக்காதீர்கள்.

டப்பிங்கில் வந்த ஒரு உளவாளிப் பட வரிசை… ஐந்து பாகம். நாலு பாகத்தில் கார் பறக்கும், பாலம் வெடிக்கும். மூன்றாம் பாகத்தில் மட்டும் ஹீரோ ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டு ஆளை வேவு பார்ப்பான். அவ்வளவுதான் படம்! தியேட்டரில் பாதிப்பேர் இடைவேளையிலேயே எழுந்து போய்விட்டார்கள், நானும்தான்.

முருகையா அண்ணனுக்கு அதுதான் உசிர். "மத்ததெல்லாம் வெறும் புகைடா. இதுல அவன் மூஞ்சியைப் பாரு. எதிர்வீட்டுக்காரன் நல்லவனா கெட்டவனான்னு தெரியாம முழிக்கிறான் பாத்தியா… அந்த முழிக்கே காசு குடுக்கலாம்" என்பார்.

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். வேவு பார்ப்பதை இவ்வளவு ரசிக்கிற ஆள், யாருக்காக வேலை பார்க்கிறார்?

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அந்த வருஷ மழையில் எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், கூரை அத்தனையும் ஒழுகியது. ஈரத்திலேயே படுத்து என் மகளுக்கு இளைப்பு வந்துவிட்டது. அரசாங்க லேபர் ஆபீசரை எஸ்டேட் மேனேஜருக்குத் தெரியாமல் நேரே எங்கள் வரிசைக்கு அழைத்து வர நாலு பேர் கூடிப் பேசினோம். முருகையா அண்ணன் வீட்டில்.

லயத்தில் வீட்டுக்கு வீடு இடைச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இங்கே தும்மினால் ஆறாவது வீட்டில் கேட்கும். அதனால் ரகசியம் பேச எங்கள் பக்கம் ஒரு வழக்கம்… டி.வி.யில் சண்டைப் படம் போட்டு, சவுண்டைக் கூட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்போம்.

"சத்தமான படமாப் போடுங்கண்ணே" என்றேன். அவர் பென்டிரைவைச் சொருகினார். மூன்றாம் பாகம்!

"ஃபுல் சவுண்டு வச்சிருக்கேன். பேசுங்கப்பா" என்றார்.

டி.வி.யில் ஹீரோ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு சத்தமும் இல்லை. பின்பாதியிலாவது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று நாங்கள் பாட்டுக்குப் பேசினோம். நடுநடுவே அவர் "என்னாது, என்னாது?" என்பார். நான் திரும்பக் கத்திச் சொல்வேன்.

நாலாம் நாள் ஆபீசர் வந்தார். அதற்குள் ரோட்டோரத்து வீடுகளுக்குப் புதுத் தகரம் ஏறியிருந்தது. மேனேஜர் அதை மட்டும் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் வரிசைப் பக்கம் ஜீப் திரும்பவேயில்லை.

மகளைப் போடியில் மாமியார் வீட்டுக்கு அனுப்பினேன். அங்கேயே வளர்ந்துவிட்டாள்.

யார் சொன்னது? வேண்டுமென்றே சத்தமில்லாத படத்தைப் போட்டது யார்?

அடுத்த வாரம் டீக்கடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றவர் காதில் விழாமல் மெதுவாகக் கேட்டேன். "மேனேஜர்கிட்ட சொன்னது நீங்கதானண்ணே?"

சிரித்தார். தலையை ஆட்டினார். "டீ சொல்லவா?" என்றார்.

என்ன திமிர்! அன்றோடு முடித்துக்கொண்டேன்.

இன்று அவர் வீட்டுக்குப் போனபோதும்… மேனேஜர் மாலை அனுப்பியிருக்கிறாரா என்றுதான் என் கண் தேடியது. மாலை இல்லை.

அவர் மனைவி என்னைப் பார்த்ததும் அழுதார். "இப்பவாச்சும் வந்தியே தம்பி. நீ ஏன் பேசலைன்னு கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியல."

"நான் கேட்டேனேக்கா… ஆமான்னு தலையாட்டினாரே."

"அவருக்கு ரெண்டு காதும் போயிப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சு தம்பி. மெஷின் சத்தத்துல போனது. கத்திச் சொன்னாத்தான் கொஞ்சம் விழும். தெரிஞ்சா அன்ஃபிட்டுன்னு எழுதி, தேயிலைக் காட்டு வேலைக்கு அனுப்பிருவாகன்னு மூச்சு விடலை. யாரு என்னா சொன்னாலும் சிரிச்சுத் தலையாட்டிருவாரு."

ஃபேக்டரிக்குள் எல்லாருமே கை ஜாடையில்தான் பேசுவோம். எனக்கு எப்படித் தெரியும்…

அவர் மகன் திருப்பூரிலிருந்து வரும்வரை பந்தலில் உட்கார்ந்து போனில் அந்தப் படத்தைப் போட்டேன். சவுண்டை முழுசாக அணைத்துவிட்டு.

ஒரு இடம்கூடப் புரியாமல் போகவில்லை.

கடைசியில் எதிர்வீட்டுக்காரன் மழையில் இறங்கி வந்து இவனுக்கு ஒரு குடையை நீட்டுகிறான். இவன் அதை வாங்கவே பயப்படுகிறான். நல்ல படம் அண்ணே. ஒத்துக்கொள்கிறேன்.

மேனேஜரிடம் யார் சொன்னது என்று இன்றும் தெரியாது. அந்த வரிசையில் எந்த வீட்டுக் காதிலும் விழுந்திருக்கும். அன்று கத்திப் பேசியவன் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

மண் போடும்போது, "தப்பா நெனச்சுட்டேண்ணே… போயிட்டு வாங்க!" என்று கத்தினேன். எல்லாரும் திரும்பி என்னையே பார்த்தார்கள்.

மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது.