சித்தப்பாவின் தண்ணீர்ப் போத்தல்

சிங்கப்பூரின் சாங்கியில் நான் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்குக்குச் சைக்கிளில் வருகிறவர்கள் இப்போது ஏழு பேர். புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம்தான் வந்து கேட்பார்கள், என்ன போட்டுக்கொண்டு ஓட்டுவது, கிளம்புமுன் என்ன சாப்பிடுவது என்று. நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்கு இன்றும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதைக் கேட்டால் மட்டும் தயங்காமல் சொல்லிவிடுவேன். விடியுமுன் கிளம்பினால் வெளிர் நிறச் சட்டை போடு. வெறும் வயிற்றோடு ஏறாதே. நேற்று அதிகம் ஓட்டியிருந்தால் இன்று கம்மியாக ஓட்டு.

"அக்கா, நீங்க ரொம்ப பயப்படுறீங்க லா" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இவையெல்லாம் என் சித்தப்பாவிடம் கேட்டவை. எனக்குப் பதினொரு வயதாகும்வரை நாங்கள் நான்கு பேரும் ஈசூனில் ஒரு மூவறை வீட்டில் இருந்தோம்: அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பி. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. கம்பெனி பஸ் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழேயே வந்து நிற்கும். அவர் அதில் ஏறமாட்டார். வளைந்த கைப்பிடி வைத்த பந்தயச் சைக்கிளில்தான் போவார், வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாங்கிக் கடற்கரை வரை போய்த் திரும்புவார். பஸ்ஸில் போகும் கூட்டாளிகள் ஜன்னல் வழியாக, "டேய், கப்பல் கெளம்பிடப் போவுது, மிதி, மிதி!" என்று கத்துவார்களாம். பஸ் வருவதற்குள் தான் கேட்டில் போய் நின்றுவிடுவதாகச் சொல்வார். அம்மா இதை ஒருநாளும் நம்பியதில்லை.

அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. காலையில் இரண்டு அரைவேக்காட்டு முட்டை, காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி. பையில் எப்போதும் இரண்டு வாழைப்பழம். மழைக்காலத்தில் குளிர்காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்கச் சட்டைக்குள் பழைய செய்தித்தாளை மடித்துச் செருகிக்கொள்வார். இருட்டோடு கிளம்புவதால் பளிச்சென்று மஞ்சள் சட்டை. சிங்கப்பூரில் ஏழு மணிக்குத்தானே வெளிச்சம் வருகிறது. மூன்று வாரம் கடுமையாக ஓட்டினால் நாலாவது வாரம் மெதுவாக ஓட்டுவார். "உடம்ப ஏமாத்த முடியாது பாப்பா. அது எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கும்" என்பார்.

அவருடைய தண்ணீர்ப் போத்தலை நிரப்புவது என் வேலை. இரண்டு கரண்டி குளுக்கோஸ், ஒரு சிட்டிகை உப்பு, பாதி எலுமிச்சை. வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பதவி அது. நான் தூங்கிவிட்டால்கூட அம்மா அதைத் தொடமாட்டாள். எழுப்பித்தான் விடுவாள்.

அந்த வருஷம் கார்த்திகையில் சித்தப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டார். முதல் தடவை. நாற்பத்தோரு நாள் விரதம் இருந்து, கூட்டத்தோடு இந்தியாவுக்குப் போய் மலையேறுவதாக ஏற்பாடு. நம் ஆட்கள் கடை வைத்திருக்கும் தேக்காவில் அவரும் அப்பாவும் போய்க் கறுப்பு வேட்டி இரண்டு, கறுப்புச் சட்டை மூன்று, கறுப்புக் கால்சட்டை இரண்டு வாங்கி வந்தார்கள். மஞ்சள் சட்டையை அம்மா துவைத்து மடித்து அலமாரியில் வைத்தாள். அன்றிலிருந்து அவரை நாங்கள் எல்லோரும் சாமி என்று கூப்பிட்டோம். அவரும் எங்களைச் சாமி என்றே கூப்பிட்டார். என்னையும் அப்படிக் கூப்பிட்டது எனக்குப் பெருமையாக இருந்தது.

அவருடைய கூட்டத்திலிருந்த மற்ற சாமிகள் காலையில் இட்லி தோசை சாப்பிட்டார்கள். குருசாமியும் சித்தப்பாவிடம், வேலைக்குப் போகிற ஆள், ஏதாவது சாப்பிட்டுப் போ என்றுதான் சொல்லியிருந்தார். சித்தப்பா கேட்கவில்லை. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்து, விளக்கேற்றிச் சரணம் சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு, வெறுங்காலோடு, கறுப்புச் சட்டையில் சைக்கிளை எடுப்பார். மத்தியானம் ஒரு பழம், ஒரு டம்ளர் பால். சாயங்காலப் பூஜைக்குப் பிறகுதான் சோறு.

"பஸ்லயாவது போங்களேன் சாமி" என்றாள் அம்மா.

"பஸ்ல பக்கத்துல ஒக்காந்து மீன் பொரிச்சது திம்பானுங்க. சைக்கிள்ல யாரும் பக்கத்துல இல்ல."

"அப்ப ரெண்டு இட்லி சாப்புட்டுப் போங்க."

"விரதமும் ஒரு ட்ரெயினிங்தான் சாமி. வயித்துக்கு ட்ரெயினிங்."

நான் நிரப்பும் போத்தலிலும் இனி குளுக்கோஸ் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்றார். ஆனால் நிரப்புவது நானாகவே இருக்கட்டும், குளித்துவிட்டு நிரப்பு சாமி என்றார்.

இரண்டாவது வாரத்திலேயே அவர் முகம் சுண்டிப்போனது. ஒருநாள் சாயங்காலம் மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து, "ஒண்ணுமில்ல சாமி, எறக்கத்துல வேகமா வந்துட்டேன்" என்றார். ஈசூனில் எங்கள் புளோக்குக்கு வரும் வழியில் இறக்கமே கிடையாது. அது எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் மாலை போட்டவர் இருந்தால் மாதவிலக்கான பெண்கள் அங்கே இருக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அம்மா தன் நாட்கள் வந்தபோது பக்கத்துப் புளோக்கில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்து சமைத்தாள். அத்தைக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். தனக்கு அந்தத் தொல்லை நின்றுபோனதை ஒரு பட்டம் வாங்கியதைப்போலச் சொல்வாள். ஐந்தாம் நாள் அம்மா தலைக்குக் குளித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து, விடுமுறை டியூஷன் வகுப்பின் கழிவறையில், எனக்கு வந்தது.

அது என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே வந்திருந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். மூலையில் உட்காரவைப்பார்கள். பட்டுப்புடவை கட்டிப் படம் எடுத்து, சொந்தக்காரர்களெல்லாம் வந்து கன்னத்தைக் கிள்ளுவார்கள். இப்போது அதற்கும் மேலாக, என்னை வீட்டைவிட்டு எங்கேயோ அனுப்புவார்கள். என் கைத் தண்ணீர் ஆகாது என்பார்கள். சித்தப்பா கிளம்ப இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. அம்மாவிடம் சொல்லலாம் என்று மூன்று தடவை அடுப்படி வரை போனேன். மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டேன். அது போதாமல் பழைய பாவாடை ஒன்றைக் கிழித்தேன்.

மறுநாள் காலை இரண்டு முறை குளித்தேன். போத்தலைக் கழுவி நிரப்பினேன். சித்தப்பா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. அந்த மூன்றாம் நாள் நல்ல மழை.

நான் டியூஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது போலீஸ்காரர்கள் இருவர் கதவைத் தட்டினார்கள்.

மருத்துவமனை நடையில் ஒரு நீண்ட நாற்காலியில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அப்பா நின்றார், நடந்தார், மறுபடி நின்றார். சித்தப்பாவின் வலது காலை முட்டிக்கு மேலே எடுக்கவேண்டும், வேறு வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நடையின் மறுகோடியில் அவர்மேல் மோதிய லாரியை ஓட்டிய சீனப் பெரியவர் ஒருவர், சட்டையெல்லாம் நனைந்து, கையில் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்பாவிடம் வந்து மலாயில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "செமுவா ஹித்தாம், பாங். தா நம்பாக். செமுவா ஹித்தாம்." எல்லாம் கறுப்பு, கண்ணுக்கே தெரியவில்லை என்று. இன்னொன்றும் சொன்னார். சைக்கிள் நேராகப் போகவில்லை, தூங்குகிற ஆள் ஓட்டுவதுபோல் ஆடிக்கொண்டே நடுவே வந்தது என்றார். அப்பா அவரைத் தள்ளிவிட்டார். பழியிலிருந்து தப்பிக்கப் பொய் சொல்கிறார் என்று நானும் நினைத்தேன். அன்றைக்கு அந்த நடையில் நடந்ததை நடந்தபடி சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அத்தை வந்தாள். வந்தவள் அழவில்லை. எங்கள் முன்னால் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"மாலையில இருக்குற புள்ளைய சாமி கைவிட மாட்டாரு. வீட்டுல ஏதோ தீட்டு நடந்திருக்கு."

அப்பா நடப்பதை நிறுத்தினார்.

"நான் கேக்குறேன்ல? வீட்டுல ரெண்டே பொம்பளைங்க." அத்தையின் பார்வை அம்மாவைத் தாண்டி என்மேல் வந்து நின்றது. "ஏண்டி, நீ ஏன் இப்படி நடுங்குற?"

சொல்லிவிடப் போனேன் என்றுதான் நினைக்கிறேன். இன்னும் ஒரு நொடி அவள் என்னைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"நான்தாங்கக்கா" என்றாள் அம்மா.

"என்ன நீ? நீ போயிட்டு வந்து ரெண்டு வாரங்கூட ஆவலயே."

"இந்தத் தடவ சீக்கிரமே வந்துருச்சு. மறுபடியும் அவங்க வீட்டுல போயி நிக்கக் கூச்சமா இருந்துச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

அத்தை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. "நீயெல்லாம் ஒரு பொம்பளையா" என்று மெதுவாகத்தான் சொன்னாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு திரும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்தத் திரும்பல் பல வருஷம் நீடித்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, உப்பு வேண்டுமென்றாலும் என்னிடம் சொல்லித்தான் அம்மாவிடம் கேட்டார்.

சித்தப்பாவுக்கு நினைவு திரும்பியதும் முதலில் சைக்கிளைத்தான் கேட்டாராம். காலைப் பற்றிப் பிறகுதான் சொன்னார்கள். மாலையைப் பற்றி அவரே கழுத்தைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அம்மா சொன்னதை அத்தை அவரிடம் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அத்தை வீட்டுக்குப் போனார். தீபாவளிக்கு அம்மா முறுக்கு சுட்டு அனுப்புவாள். டப்பா மூடி திறக்காமலே திரும்பி வரும். அவர் இறந்தபோது அம்மா போனாள். வாசலிலேயே நின்றுவிட்டு வந்தாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா உயிரோடு இருந்தவரை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் நிரப்பிய போத்தல் தண்ணீரால்தான் அது நடந்தது என்று எத்தனையோ வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நானே சைக்கிள் வாங்கி, ஒருநாள் காலை காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பி, பத்தாவது கிலோமீட்டரில் கண் இருண்டு, சாலைக் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தபோதுதான், புல்தரையில் சைக்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்து, அந்தச் சீனப் பெரியவர் என்ன சொன்னார் என்பதை முதல் தடவையாகக் கேட்டேன்.

ஆனால் அன்றைக்கு, அந்த மருத்துவமனை நடையில், அம்மா "நான்தாங்கக்கா" என்று சொன்னதும் எனக்கு வந்தது நிம்மதி. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அம்மாவும் என்னைப்போலவே மறைத்திருக்கிறாள், ஆகவே குற்றத்தில் பாதி அவளுடையது என்று நினைத்தேன். அவள்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பெரியவள், அவளாவது சொல்லியிருக்கலாமே என்று.

அந்த வாரம் அம்மா அடுப்படி ஓரமாகத் தனியாகப் பாய் போட்டுப் படுத்தாள். தனித் தட்டில் சாப்பிட்டாள். எனக்கு வந்த நாலாம் நாள் காலை என் அலமாரியைத் திறந்தபோது, பள்ளிச் சீருடைக்கு அடியில், பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். கடையில் விற்கும் பஞ்சுப் பட்டைகள். யாரும் பார்க்குமுன் அதைக் கொண்டுபோய் அம்மாவின் துணிகளுக்கு நடுவே வைத்தேன். மறுநாள் காலை அது மறுபடியும் என் சீருடைக்கு அடியில் இருந்தது. பாவம், இத்தனை கவலையில் அம்மாவுக்குத் தன் அலமாரி எது, என் அலமாரி எது என்பதுகூட மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.