கல்லில் இல்லாத பெயரைக் கேட்டு கலஹா சந்திக்கு

எங்கள் தோட்டத்துத் தண்ணீர்த் திட்டத்தின் திறப்புவிழாக் கல்லில் பதினொரு பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள். எழுபது வயதுக்குமேல் ஏழு தடவை மலையேறி, ஊற்றிலிருந்து நாங்கள் குடியிருக்கும் லயம் வரை குழாய்ப் பாதையை அளந்து கொடுத்த பொறியியலாளரின் பெயர் மட்டும் இல்லை. இது அநியாயம். விழாக் குழுவுக்கு முறைப்பாட்டுக் கடிதம் ஒன்று எழுதி, அதில் அவருடைய கையெழுத்தையும் வாங்குவதற்காக, போன சனிக்கிழமை புறப்பட்டேன்.

தெல்தோட்டையில் காலை 6.15 பஸ். பேராதனை கலஹா சந்திக்குச் சுமார் இருபத்தைந்து கிலோமீற்றர், நாற்பது ரூபாய். சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடக்கவேண்டும். இருபது நிமிடம் போகும். சிப்பாய் ஒருவர் என் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் விஷயம் என்று சிங்களத்தில் சொன்னேன். விட்டார்.

சந்தியிலிருந்து பொறியியலாளர் வீட்டுக்குப் பத்து நிமிட ஏற்றம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நாடெங்கும் பாலம் கட்டியவர். கடிதத்தைப் படித்துச் சிரித்தார்.

"சண்டைக்கு வந்தனீங்களோ, தேத்தண்ணி குடிக்க வந்தனீங்களோ?"

"ரெண்டுக்குந்தான் சார். கையெழுத்த போடுங்க."

"பேர் வேண்டாமெண்டு நான்தான் சொன்னனான். என்ர பேர் தெரியாமலே குழாயில தண்ணி வருதுதானே."

பயந்து சொல்கிறாரோ என்று கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தைந்தில் கட்டிய பாலமொன்றின் படத்தைக் காட்டினார். அதிலும் அவர் பெயர் இல்லை. பணிவுதான் என்று நினைத்தேன். பிறகு, தமிழர்களை அடித்து விரட்டிய ஐம்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிந்தியதுதானே அந்தப் பாலமும் என்று தோன்றியது.

வழியனுப்ப வந்த அவர் மனைவியிடம், கேட் தூணில் இருந்த இரண்டு ஆணி ஓட்டைகளைப் பற்றிக் கேட்டேன்.

"அவரின்ர பேர்ப்பலகை இருந்த இடம். ஆசையாய்ச் செய்விச்சவர். எண்பத்து மூண்டு கலவரத்தில கழட்டினது. நீங்களும் எங்கயும் பேரை எழுதிப்போடாதேங்கோ, ஐயா."

அதனால் இங்கும் எழுதவில்லை. பணிவா, பயமா, பழகிப்போன பயம்தான் பணிவாகிவிட்டதா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் கடிதத்தில் நான் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருக்கவேண்டும். திரும்ப மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். எங்கள் ஊற்றைப் பார்க்க வருகிறவர்கள், யார் அளந்தது என்று கேட்கவேண்டும். விழாக் குழு புதுக் கல் வைத்து, முதல் வரியை வெறுமையாக விடவேண்டும். பயமில்லாத நாளொன்றை அரசாங்கம் கொண்டுவரவேண்டும். அன்றைக்கு அவர் எங்கள் லயத்துக்கு வந்து, பெயர் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவேண்டும்.