குழாயில் சிக்கிய அரக்கு நூல்

தறியை விட்டு எழுந்தால் பாவு நூலின்மேல் துணி போட்டு மூடிவிட்டுத்தான் எழுவோம். தூசி விழுந்தால் பட்டு கெட்டுவிடும். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, மெட்ராஸில் விமான மெக்கானிக் ஆன பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், சிறிய பயிற்சி விமானம் ஒன்றின் எஞ்சினைத் துடைக்கும்போது, காற்று போகும் குழாயின் வாயில் வீட்டிலிருந்து கொண்டுபோன அரக்கு நிறக் கழிவுப் பட்டுநூலைச் சுருட்டிச் செருகிவைத்தேன். தூசி போகக் கூடாதாம்! பிறகு அதை எடுக்க மறந்து, அதன்மேலேயே ஃபில்டரை மாட்டித் தொலைத்தேன்.

மறுநாள் வானத்தில் எஞ்சின் நின்றுபோய், அந்த விமானம் எங்கள் ஊர்ப் பக்கமே, முசரவாக்கத்தில் வற்றிக் கிடந்த ஏரியில் இறங்கியது. பைலட்டுக்குக் கீறல்கூட இல்லை. பழுது பார்க்க என்னைத்தான் அனுப்பினார்கள். குழாயைக் கழற்றினால், உள்ளே இழுபட்டு அடைத்துக் கிடந்தது என் அரக்கு நூல். சுற்றிலும் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு அதைச் சட்டைப்பையில் திணித்தேன்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் பைலட்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குது சார்." கொஞ்சமும் கூசாமல் சொன்னேன்.

அந்த விமானத்துக்குப் பெட்ரோல் நிரப்பிய ஊழியரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். போகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி இருக்குதான்னு பாத்துட்டுத்தான்பா ஊத்துனேன். நீயாவது நம்புபா."

"நம்பறேண்ணா," என்றேன்.

அவரை நம்பிய ஒரே ஆள் நான்தான்.