கை காட்டினால் நிற்கிற ஜீப்

ஹிஷ்கேயின் ஜீப்பில் ஏறினால் போகிற இடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. இதை நான் அவன் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். வழியில் யார் கையைத் தூக்கினாலும் நிறுத்திவிடுவான். போன மாதம் தூரத்து மேட்டில் ஒருத்தர் சோம்பல் முறித்தார். இவன் பாதையை விட்டு வண்டியைத் திருப்பி, கல்லிலும் புதரிலும் ஏற்றி, அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

"என்னண்ணே, எங்க போகணும்?"

"எங்கயும் போகலப்பா. ஆடு மேச்சிக்கிட்டு நிக்கிறேன்."

பின் சீட்டில் எனக்கு இடுப்பு கழன்றதுதான் மிச்சம். ரோட்டோரத்தில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. அங்கே வருகிற லாரிக்காரர்களுக்கு இவன்தான் பொழுதுபோக்கு. "ஹிஷ்கே, அந்தக் கூடாரத்துல புகை ஆடுது பாரு, உன்னத்தான் கூப்பிடுது, ஓடு!" என்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். இவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சூப்பைக் குடிப்பான். எதற்குக் குனிகிறான் என்று எனக்குத் தெரியும். நான் அவன் பெரியம்மா. கூடவே இருந்து பார்த்தவள்.

என் தங்கை தோல்கோரின் மூத்த மகன் அவன். அப்பன் சுரங்க வேலைக்குப் போனவன், எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பான். மந்தையும் கூடாரமுமாகப் புல்வெளியில் வாழ்கிற குடும்பம். பதினாறு வயதில் வீட்டுக் குதிரைகள் எல்லாம் ஹிஷ்கேயின் பொறுப்பு. அதில் சாம்பல் நிறத்தில் ஒன்று அவனுக்கென்றே பிறந்தது. அவன் விசில் அடித்தால் மந்தையை விட்டு வரும். அப்படிப்பட்ட குதிரையைத்தான் ஒரு ஜீப்புக்குக் கொடுத்தான்.

ஜீப் என்றால் ஏதோ பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ருஷ்யாக்காரன் காலத்து வண்டி, ஓங்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாதம் என்பவரின் கூடாரத்துக்குப் பின்னால் மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. மேல் துணி கிழிந்து, உள்ளே வெள்ளாடு குட்டி போட்டிருந்தது. ஆடு மேய்க்கப் போன இடத்தில் இவன் அதைப் பார்த்தான். அன்றோடு தூக்கம் போயிற்று. "வாங்கித் தா, வாங்கித் தா" என்று தாயை அரித்து எடுத்தான். குளிர்காலம் முடிந்து புத்தாண்டும் கழிந்த கையோடு யாதமிடம் பேசி முடித்துவிட்டான். சாம்பல் குதிரைக்கு ஜீப்.

குதிரையைக் கொடுக்கும்போது செய்யவேண்டியதை எல்லாம் செய்தான். கடிவாளக் கயிற்றைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டான். வாலில் ஒரு கொத்து முடி வெட்டி மடியில் முடிந்துகொண்டான். குதிரை போனாலும் அதன் ராசி வீட்டிலேயே தங்க வேண்டுமே. பிறகு ஒரு லாரியின் பின்னால் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். வந்த அவசரத்தில், முன்னால் செருகிச் சுற்றி இன்ஜினைக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலை யாதம் வீட்டிலேயே மறந்துவிட்டான்.

அந்த வசந்தகாலம் முழுக்க அவன் வண்டிக்கு அடியில்தான் கிடந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு கால் மட்டும் அசையும். கார்புரேட்டரில் ஊசி நுழையாத ஒரு துளை அடைத்துக்கொண்டது. மடியில் முடிந்திருந்த சாம்பலின் வால்முடியில் ஒன்றை உருவி, அதை விட்டுக் குத்திச் சுத்தம் செய்தான். அறுந்த விசிறிப் பட்டைக்குப் பதிலாகப் பச்சைத் தோலை வாராக அறுத்துக் கட்டினான். சீட்டுக்கு என் பழைய கம்பளத்தை என்னைக் கேட்காமலே வெட்டிவிட்டான், பாவி. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

ஸ்டார்ட்டர் மட்டும் எரிந்துபோயிருந்தது, அதற்கு வழி இல்லை. வண்டியை மேட்டில் நிறுத்தி, சரிவில் உருட்டித்தான் கிளப்ப வேண்டும். "அந்த ஹேண்டில யாதம்கிட்ட கேட்டு அனுப்பேன்டா" என்றேன். அவன் காதில் விழாத மாதிரி ஸ்பானரைத் தேடினான். இரும்புக் கம்பியை வளைத்து அவனே ஒன்று செய்து பார்த்தான். அது வழுக்கி மணிக்கட்டில் அடித்து, கை வீங்கிப்போயிற்று. அப்போதும் கேட்டு அனுப்பவில்லை.

அவன் எப்படிக் கேட்பான்? குதிரை திரும்பி வந்துவிட்டதே!

பனி உருகத் தொடங்கியதுமே வந்துவிட்டது. ஆற்றை நீந்திக் கடந்து, விலா எலும்பு தெரிய, ஒரு காலை நொண்டிக்கொண்டு, அவன் வாசலில் வந்து நின்றது. விற்ற குதிரை பிறந்த மேய்ச்சலைத் தேடி வருவது எங்கள் பக்கத்தில் அதிசயம் இல்லை. வந்தால் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, வாங்கினவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

தோல்கோர் சொன்னாள். "கொண்டுபோய் விட்டுட்டு வந்துருடா, அவரு தேடுவாரு."

"கால் சரியாகட்டும்மா."

கால் சரியாயிற்று.

"ஜீப் ஓடட்டும்மா. இதைக் கொண்டுபோயி விட்டா நான் எதுல திரும்பி வர்றது?"

ஜீப்பும் ஓடியது. அப்புறம் ஆற்றில் வெள்ளம் என்றான். அப்புறம் குட்டி போடும் காலம் என்றான். என் தங்கைக்கு வாய் கிடையாது. அவளுக்கும் சேர்த்து எனக்கு இருக்கிறது, நான் கத்தினேன். "டேய், இன்னும் நாலு நாள் போனா இதுக்குப் பேரு வேற ஆயிடும்டா!" அவன் முகம் சிவந்து போனது. ஆனால் மறுநாள் காலையில் சாம்பலை விசில் அடித்துக் கூப்பிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அதைப் பார்த்தால் எனக்கே வாய் வரவில்லை. அவனுக்கு ஜீப்பும் வேண்டும், குதிரையும் வேண்டும். போகப் போக, இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்பதும் சேர்ந்துகொண்டது.

கோடையில் நாதம் விழா வந்தது. மல்யுத்தம், குதிரைப் பந்தயம், ஊரே கூடுகிற நாள். ஜீப்புக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, கண்ணாடியில் ராசிக்கு நீலத்துண்டு கட்டி, சரிவில் உருட்டிக் கிளப்பினான். போகிற வழி நல்லபடி இருக்கட்டும் என்று சக்கரத்துக்குப் பாலை விசிறிவிட்டுத் தோல்கோர் முன்னால் ஏறினாள். விழாவில் கறிப்பலகாரம் சுட்டு விற்பதற்கு எண்ணெய்ச் சட்டியும் மாவுமாக நான் பின்னால். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினதைப் பார்க்க வேண்டுமே! எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பாதி வழியில், சமவெளியில், சாய்ந்து கிடந்த மோட்டார் சைக்கிள் பக்கத்தில் ஒரு ஆள் நின்று கை காட்டினார். இன்னொரு கையில் ஏதோ இரும்பு. அதையும் தூக்கி ஆட்டினார்.

"நிறுத்துடா" என்றேன்.

வண்டி வேகம் குறையவில்லை.

"டேய், ஆளு நிக்கிறாரு, நிறுத்து!"

"இங்க சரிவே இல்ல பெரியம்மா! நிறுத்துனா திரும்பக் கிளம்பாது!"

"கிளம்பலைன்னா தள்ளுவோம்டா! நிறுத்து!"

கரண்டியால் அவன் தோளில் ஒன்று வைத்தேன். அவன் அழுத்தி மிதித்தான். அந்த ஆள் எங்கள் புழுதிக்குள் மறைந்துபோனார். எங்கள் புல்வெளியில் கை காட்டும் மனிதரைத் தாண்டி ஒருவரும் போக மாட்டார்கள். அடுத்த வண்டி இன்று வருமோ நாளை வருமோ, யாருக்குத் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். ஈயாடவில்லை. சரிவு இல்லை என்பது சாக்கு என்று அப்போதே புரிந்துவிட்டது.

விழா மைதானத்தில், ஊர் மொத்தமும் பார்க்கிற இடத்தில், இன்ஜின் இருமி நின்றது. பயில்வான்கள் நாலு பேர் தள்ளினார்கள். கிளம்பவில்லை. "பந்தயத்துக்குக் கொண்டு வந்தியா தம்பி? குதிரை எதும் மிஞ்சியிருந்தா பூட்டு" என்று ஒருத்தர் சொல்ல, கூட்டம் சிரித்தது. அதுகூடப் பெரிதில்லை.

மதியம் சாய்ந்த பிறகு அந்த ஆள் நடந்தே வந்து சேர்ந்தார். தலையிலிருந்து கால் வரை புழுதி. தோளில் ஜீப் ஹேண்டில். நேராக ஹிஷ்கேயிடம் ஓடி வந்து இரண்டு தோளையும் பிடித்தார்.

"நல்லா இருக்கியா தம்பி? அடி கிடி படலையே? பிரேக் போயிடுச்சுதானே? நான் கத்துனேன், உனக்குக் கேக்கல. எங்க கவுந்து கிடக்கீங்களோன்னு வழியெல்லாம் பாத்துக்கிட்டே வந்தேன்."

அவர்தான் யாதம்.

ஒருவன் வேண்டுமென்றே தாண்டிப் போவான் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. நிற்கவில்லை என்றால் பிரேக் இல்லை, அவ்வளவுதான் அவருக்கு. ஹிஷ்கே ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். யாதம் அதற்குள் குனிந்து ஹேண்டிலைச் செருகி ஒரே சுற்று சுற்றினார். வண்டி உறுமிக் கிளம்பியது. கூட்டம் கைதட்டியது.

"இத விட்டுட்டுப் போயிட்ட. விழாவுக்கு நீ எப்படியும் வருவேன்னு எடுத்துக்கிட்டுக் கிளம்புனேன், பைக் செயின் அறுந்துபோச்சு" என்றார் யாதம்.

என் அடுப்பருகே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். ஒரு கிண்ணம் குடித்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, நான் ஹேண்டிலுக்காக மட்டும் வரல. உன் மூஞ்சியப் பாக்கவே எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் இவ்வளவு நாள் வரல. நீ பிள்ளை மாதிரி வளத்த குதிரை. நான் தொலைச்சுட்டேன்பா."

தோல்கோர் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். அவன் வாயால் வரட்டும்.

"தேடாத இடமில்ல" என்று யாதம் சொல்லிக்கொண்டே போனார். "உங்ககிட்ட வந்திருந்தா நீங்களே கொண்டாந்து விட்டிருப்பீங்க, அதனால அங்க மட்டும் கேக்கல. பக்கத்துக் கூடாரத்துப் பையன் கல்சான், உன்னவிட ஒரு வயசு ரெண்டு வயசு பெரியவன். அவனுக்கு அந்தக் குதிரை மேல ஒரே கண்ணு. அவன்தான் ஓட்டிட்டுப் போயி வித்துட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். ஊரு முன்னால நிக்க வெச்சு சாட்டையால ரெண்டு வெச்சேன். கடைசி வரைக்கும் ஒத்துக்கல. மறுநாளே கிளம்பிட்டான். தங்கம் தோண்டுற குழிக்குப் போயிட்டான்னு சொல்றாங்க. ஆனா குதிரை மட்டும் கிடைக்கல."

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. அதை இறக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

"குதிரை எங்ககிட்டதான் இருக்கு" என்றான் ஹிஷ்கே.

யாதம் சிரித்த முகத்தோடே அவனைப் பார்த்தார். "எப்ப வந்துச்சு? நேத்தா?"

"ஐஸ் உருகும்போதே வந்துருச்சு, மாமா."

தேநீர்க் கிண்ணத்தை அவர் மெதுவாகத் தரையில் வைத்தார்.

"பிரேக்கும் நல்லாதான் இருக்கு" என்றான்.

அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாட்டை பிடித்த கை. "அப்ப அந்தப் பையன?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் மந்தையிலிருந்து சாம்பலைப் பிடித்து ஹிஷ்கே ஏறிக்கொண்டான். ஜீப்பை யாதம் ஓட்டினார். தோல்கோருக்கு வர முகம் இல்லை என்று நான் அவரோடு போனேன். வழியெல்லாம் அவர் குதிரைக்கு ஏற்ற வேகத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். ஆற்றங்கரையில் இறங்கி, குதிரைக்குத் தண்ணீர் காட்டி, பையனுக்கும் மொண்டு கொடுத்தார். அந்த மனிதரின் நல்ல குணம் எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

கல்சானின் தாய் நோர்ஜ்மா கூடாரத்துக்கு வெளியே தயிர்க்கட்டிகளைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் இருந்தவர்களை எல்லாம் யாதம் கூப்பிட்டார். எந்த இடத்தில் கல்சானை நிறுத்தினாரோ அதே இடத்தில் ஹிஷ்கே போய் நின்றான். எதையும் விடாமல் சொன்னான். குதிரை வந்தது, வைத்துக்கொண்டது, கை காட்டினவரை விட்டுவிட்டு ஓடினது வரைக்கும். யாதமும் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் நின்றார்.

நோர்ஜ்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "இத எங்கிட்ட சொல்லி என்னப்பா பண்றது? கேக்க வேண்டியவன் இங்க இல்லையே" என்றாள். பிறகு உள்ளே கூப்பிட்டு எங்களுக்குத் தேநீர் ஊற்றினாள். பையன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு சேதியும் இல்லை. ஹிஷ்கே அந்தத் தேநீரைக் குடிக்கவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் கையில் பிடித்துக்கொண்டே இருந்தான்.

நாங்கள் கிளம்பும்போது சாம்பல் யாதமின் கயிற்றில் கட்டிக் கிடந்தது. இவன் அதன் பக்கம் திரும்பவில்லை. கடிவாளக் கயிற்றையும் மடியில் மிச்சமிருந்த வால்முடியையும் யாதமின் கையில் கொடுத்தான். ஹேண்டிலைச் சுற்றி வண்டியைக் கிளப்பி ஏறி உட்கார்ந்தான். அப்போது நோர்ஜ்மா பால் வாளியும் கரண்டியுமாக வந்தாள். தன் பிள்ளை கிளம்பினால் எப்படிச் செய்வாளோ அப்படியே, நாலு சக்கரத்துக்கும் பால் விசிறினாள். ஹிஷ்கே ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு தேம்பினான். அவள் ஜன்னல் பக்கம் வந்தாள். அவள் குத்திக்காட்டவில்லை, நான் பக்கத்தில் இருந்தேன், அந்தக் குரலில் அது இல்லை.

"தம்பி, உனக்கு வண்டி இருக்கு, பல பக்கம் போவே. வழியில எங்கயாவது எம்பையன் கை காட்டுனா ஏத்திக்கிட்டு வந்துருப்பா" என்றாள்.

"ஏத்திக்கிட்டு வர்றேன்மா" என்றான்.

அதற்குப் பிறகு குளிர்காலம் எத்தனையோ போய்விட்டது. இன்ஜின் மாறியது, இவன் தலையில் நரைகூட எட்டிப் பார்க்கிறது. மனிதனோ, கம்பமோ, சோம்பல் முறிக்கிற மேய்ப்பனோ, நின்று இறங்கி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவான். தங்கக் குழிகள் பக்கமும் வருஷா வருஷம் போகிறான். கல்சான் இன்னும் கை காட்டவில்லை.